சின்ன ஜீப்பை ஆற்றில் இறக்கும் முன்

என்னிடம் இருப்பது இரண்டு கதவு வைத்த சின்ன ஃபோர் வீல் டிரைவ். 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கையால் போடும் கியர், சேசிஸ் தனி, பாடி தனி, முன்னும் பின்னும் வளையாத ஒற்றை ஆக்ஸில். ஆள் ஏறாமல் நிறுத்தால் ஒரு டன்னுக்குச் சற்று மேலே வரும். பதினோரு வருடமாக இதைச் சேற்றிலும் பாறையிலும் மணலிலும் ஆற்றிலும் ஓட்டி வருகிறேன். ஒருமுறை ஆற்றுக்குள் நின்றும் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாக இந்த மாதிரி வண்டி வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "எவ்வளவு தண்ணியில போகும்?" என்றுதான். ஒரு எண்ணை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. வண்டி இலேசாக இருப்பது தரையில் பெரிய வரம். கனத்த வண்டி புதையும் மணலில் இது மேலாகவே ஓடிவிடும். பள்ளத்தில் மாட்டினால் நாலு பேர் சேர்ந்து தள்ளி எடுத்துவிடலாம். தண்ணீரில் எல்லாம் தலைகீழ். அந்த இலேசினால்தான் அது சீக்கிரம் மிதக்கிறது. மிதக்கும் வண்டியில் ஸ்டீயரிங் திருப்பியும் பயனில்லை, பிரேக் மிதித்தும் பயனில்லை. தரையில் கிடைத்த தைரியத்தை அப்படியே ஆற்றுக்குள் கொண்டுபோகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

முதலில் தரை

தண்ணீருக்குப் போகும் முன் தரையில் கை பழக வேண்டும். உங்கள் வண்டியின் ஃபோர் வீல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சுசுகி ஜிம்னி போன்றவை பார்ட் டைம் வகை. லீவரை 4ஹெச்-க்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் தள்ளினால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் தொகுதிதான் டிஃபரென்ஷியல்; அது இதன் நடுவில் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் கியர்களில் போய் ஏறும். அதனால் தார் வந்ததும் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2ஹெச்-க்கு மாற்றிவிடுங்கள். லாடா நிவா வேறு வகை. 1977 முதல் அது எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடுகிறது. நடுவில் டிஃபரென்ஷியல் உண்டு, வேண்டும்போது அதைப் பூட்டத் தனி லீவரும் உண்டு.

லோ ரேஞ்ச், அதாவது 4எல், வேகத்துக்கானது அல்ல. இப்போதைய ஜிம்னியில் அது கியர் விகிதத்தை இரண்டு மடங்காக்குகிறது. சக்கரத்துக்குப் போகும் திருப்பு விசை இரண்டு மடங்கு, வேகம் பாதி. சின்ன இன்ஜினுக்கு இதுதான் உயிர். பலர் வண்டி மாட்டிய பிறகு 4எல் போடுகிறார்கள். கஷ்டமான இடத்துக்கு முன்பே நின்று, கிளட்சை மிதித்துப் போட்டுவிட்டு, பிறகு நுழையுங்கள்.

டயர் காற்றைக் குறைப்பதற்கு இணையான வித்தை எதுவும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. சாலையில் 26 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன் என்றால், சரளையிலும் பாறையிலும் 18, ஆழ மணலில் 14 அல்லது 15. டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் தரையில் படியும். அந்த நீளம்தான் மணலில் வண்டியைத் தூக்கிப்பிடிக்கும், பாறையில் கவ்வும். கனத்த வண்டிக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வண்டி 20-இல் படிகிற அளவுக்கு நம்முடையது படியாது. 12-க்குக் கீழே போனால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்றைக் குறைத்த பின் வேகமும் குறைய வேண்டும், திடீர்த் திருப்பமும் கூடாது. காற்று அடிக்கும் கம்ப்ரெஸர் இல்லாமல் கிளம்பவே கூடாது.

வண்டியின் உடம்பை எண்ணாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மூன்று கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம், 2,250 மி.மீ., அகலம் 1,645 மி.மீ., தரை இடைவெளி 210 மி.மீ. முன் பம்பர் தட்டாமல் ஏறும் கோணம் 37 டிகிரி, வயிறு தட்டாத கோணம் 28, பின்புறம் 49. ஐந்து கதவு வண்டியில் வீல்பேஸ் 340 மி.மீ. கூடியதும் வயிற்றுக் கோணம் 24-க்கு இறங்கிவிட்டது. மேட்டின் உச்சியில் தட்டி நிற்பதற்கும் தாண்டிப் போவதற்கும் அந்த நான்கு டிகிரி போதும்.

குட்டை வீல்பேஸுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் இலேசாகும், பின்பக்கம் சட்டென்று பக்கவாட்டில் விலகும். அதனால் ஏற்றத்தில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். பாதியில் வண்டி திணறினால் அங்கே திருப்பப் பார்க்காதீர்கள். ஒடுங்கிய வண்டி உருண்டுவிடும். பிரேக்கை இறுக மிதித்து, லோ ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். கிளட்சை மிதித்தபடி பின்னால் உருளவிடுவது மிகப் பெரிய தவறு. இறக்கத்தில் லோ ஃபர்ஸ்ட், கிளட்சில் கால் படவே கூடாது. பின்பக்கம் வழுக்கி விலகினால் பயத்தில் பிரேக் போடத் தோன்றும். ஆனால் துளி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால்தான் நேராகும்.

குறுக்குப் பள்ளத்தில் எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டு அந்தரத்தில் தொங்கும்போது, சாதாரண டிஃபரென்ஷியல் வேலையெல்லாம் தொங்கும் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். புதிய வண்டிகள் தாமாகவே அந்தச் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, விசையை மறுபக்கம் அனுப்புகின்றன. என் பழைய வண்டியில் அது என் காலின் வேலை. ஆக்ஸிலரேட்டரை நிதானமாகப் பிடித்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை மெல்ல அழுத்தினால், சுழலும் சக்கரம் அடங்கி மற்றது இழுக்கும். காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் விடாதீர்கள். பாறையில் சக்கரம் மோதித் திரும்பும்போது விரல் எலும்பு முறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

தண்ணீர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வண்டியில் போகிறவருக்கு ஆழம் தெரிய வேறு வழி இல்லை, காலைத்தான் விட வேண்டும். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒவ்வொரு ஆற்றுக்கரையிலும் கேட்பது ஒரே கேள்வி: "நடந்து பாத்தியா?" கையில் ஒரு நீளக் கம்பு, காலில் கட்டிய செருப்போ பழைய ஷூவோ போதும். இடது சக்கரம் போகும் தடத்தில் அக்கரை வரை போய், வலது சக்கரத் தடத்தில் திரும்பி வாருங்கள். கம்பை முன்னால் குத்திக் குத்திப் பாருங்கள். கூழாங்கல்லா, வண்டலா, பாசி படிந்த பாறையா, ஒளிந்திருக்கும் கட்டையா என்று கால் சொல்லிவிடும்.

எல்லாத் தண்ணீரிலும் இறங்கி நடக்கக் கூடாது, கவனம். முதலை இருக்கும் ஆற்றில் கூடாது. வெள்ளம் கலங்கி வேகமாக ஓடும்போது கூடவே கூடாது. அமெரிக்க வானிலைத் துறை மக்களுக்குச் சொல்லும் அளவுகளை நான் மனதில் வைத்திருக்கிறேன். 15 செ.மீ. வேக வெள்ளம் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. பெரும்பாலான கார்களை அடித்துப் போகும். 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் கொண்டுபோகும். நடந்து பார்க்க முடியாத தண்ணீர் என்றால் அது ஓட்டவும் முடியாத தண்ணீர். ஓட்டத்தின் வேகம் பார்க்க ஒரு குச்சியைப் போட்டுவிட்டுக் கரையோரம் கூடவே நடப்பேன். சாதாரண நடையில் அதை எட்டிப் பிடிக்க முடியாவிட்டால், முழங்கால் ஆழமானாலும் திரும்பிவிடுவேன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

ஏன் மிதக்கிறது என்பதை ஒரு கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற விதிகள் எல்லாம் தாமே புரியும். ஆட்கள் உட்காரும் அறையின் தரை சுமார் 2 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். கதவு ரப்பர் நன்றாக இருந்தால் தண்ணீர் உடனே உள்ளே வராது. தரைத்தகட்டுக்கு மேல் 10 செ.மீ. தண்ணீர் ஏறினால் 260 லிட்டர் விலகுகிறது, அதாவது 260 கிலோ எடை குறைகிறது. 20 செ.மீ. ஏறினால் 520 கிலோ. ஒரு டன் வண்டியில் பாதி போய்விட்டது. இன்ஜின் அறை கீழே திறந்திருப்பதால் முன்பக்கம் அவ்வளவாகத் தூக்காது, தூக்குவதெல்லாம் பின்பக்கத்தைத்தான். அதனால்தான் சின்ன வண்டியின் பின்புறம் முதலில் எழும்பி, ஓட்டம் போகும் பக்கம் வாலை வீசுகிறது. சக்கரத்தைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டிக்கு இது கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவுதான்.

ஓடாத நீரில் பின்பக்கம் மிதப்பது போல் தோன்றினால் கதவைச் சற்றுத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருக்கையும் விரிப்பும் நனைவது உண்மைதான். ஆனால் உள்ளே வந்த தண்ணீர் வண்டியைத் தரையில் உட்கார வைக்கும், சக்கரம் மறுபடி பிடிக்கும்.

ஆக, என் அளவு இதுதான். மாற்றம் எதுவும் செய்யாத சின்ன வண்டிக்கு, மெல்ல ஓடும் நீர் என்றால் சக்கரத்தின் நடு மையம். 195/80 ஆர்15 டயரில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 33 செ.மீ. அசையாத, அடி கெட்டியான நீர் என்றால் இன்னும் கொஞ்சம். கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே கேளுங்கள்.

எந்த இடத்தில் கடப்பது என்பதைத் தண்ணீரின் மேற்பரப்பே காட்டும். சலசலவென்று சிற்றலையாக இருக்கும் இடம் ஆழம் குறைவு. அமைதியாக, கறுத்துத் தெரிவது மடு. வளைவின் வெளிப்புறம் எப்போதும் ஆழம் அதிகம். கடக்கும் தடத்தைச் சற்றே ஓட்டத்தோடு சாய்த்து எடுங்கள். ஏறும் கரை நீங்கள் இறங்கும் கரையைவிடத் தாழ்வாக, அகலமாக இருக்க வேண்டும். ஏறும் கரையை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் இறங்கும் இடத்தைத் தேடுவேன்.

இறங்கும் முன் செய்யும் வேலைகள் அதிகம், அவசரப்படாதீர்கள். நெடுந்தூரம் ஓடி வந்த டிஃபரென்ஷியல் சூடாக இருக்கும். குளிர்ந்த நீரில் அது முங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள். ஆக்ஸில்களின் மேல் காற்று போய்வர இருக்கும் சிறு வழியான பிரீதரை ஒரு ரப்பர் குழாய் போட்டு பானட் உயரத்துக்குக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். மலிவான வேலை, ஸ்நார்க்கலுக்கு முன்பே செய்ய வேண்டியது. ஸ்நார்க்கல் இன்ஜின் காற்று எடுக்கும் இடத்தைக் கூரைக்கு உயர்த்துகிறது. வண்டியை மிதக்காமல் பிடித்து வைப்பதில்லை, மின்சாரப் பெட்டிகளைக் காப்பதும் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் துளையை அடைக்காமல் ஸ்நார்க்கல் மாட்டினால் தண்ணீர் அந்தத் துளை வழியாகவே உள்ளே போகும். ஸ்நார்க்கல் இல்லாதவர்கள் தார்ப்பாய் ஒன்றை முன் பம்பருக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளலாம். இன்ஜின் அறைக்குள் நீர் ஏறுவதை அது நன்றாகத் தடுக்கும், நீங்கள் நிற்காமல் போகும் வரை.

இழுக்கும் கயிற்றைத் தண்ணீரில் இறங்கும் முன்பே பின்பக்கக் கொக்கியில் மாட்டி, நுனியைக் கைக்கு எட்டும்படி ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து வையுங்கள். நின்ற பிறகு கலங்கல் நீருக்குள் தடவித் தேடுவது கொடுமை. கொக்கி சேசிஸில் போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிற்றை மாட்டி வேகமாக இழுக்கவே கூடாது. அந்தக் குண்டு பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கூட இன்னொரு வண்டி இல்லாமல் நான் தண்ணீரில் இறங்குவதே இல்லை.

ஜன்னல்கள் முழுக்கத் திறந்திருக்கட்டும். மின்சார ஜன்னல் தண்ணீரில் நின்றுபோனால் திறக்காது, வெளியிலிருந்து நீர் அழுத்தும் கதவும் திறக்காது. கதவுகளைப் பூட்டாதீர்கள். குழந்தைகளை வண்டியில் வைத்துக்கொண்டு கடக்கக் கூடாது.

இனி ஓட்டுவது. 4எல், ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் கியர். நின்று, கியரைப் போட்டு, நடையைவிட மெதுவாக இறங்குங்கள். பம்பர் நனைந்ததும் ஆள் நடக்கும் வேகத்துக்குக் கூட்டுங்கள், மணிக்கு 5 கி.மீ. போல. வண்டிக்கு முன்னால் ஒரு அலை எழும். அந்த அலை உங்களோடு கூடவே போகும். அதற்குப் பின்னால், இன்ஜின் இருக்கும் இடத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழும். அந்த அலையைத் துரத்திப் பிடிக்காதீர்கள், விட்டும்விடாதீர்கள். ஆக்ஸிலரேட்டர் ஒரே சீராக இருக்கட்டும். கியர் மாற்றக் கூடாது, கிளட்சை மிதிக்கக் கூடாது. மிதித்தால் தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து வழுக்கும், சக்கரத்துக்கு இழுவை நிற்கும், நீங்கள் எழுப்பிய அலை திரும்பி வந்து பானட் மேல் ஏறும்.

எனக்கு நடந்தது அதுதான். பலமுறை கடந்த துறை, முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். மேலே எங்கோ மழை பெய்து நீர் சற்றே நிறம் மாறியிருந்தது. பழகிய இடம் என்று நடந்து பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போன கனத்த வண்டிகள் அக்கரை ஓரத்தில் சக்கரத்தால் தோண்டிவிட்டுப் போன குழி, கலங்கல் நீரில் தெரியவில்லை. முன் சக்கரங்கள் இரண்டும் அதில் விழுந்தன. பயத்தில் கிளட்சை மிதித்தேன். அலை திரும்பி வந்தது. இன்ஜின் ஒரு இருமலோடு நின்றது. கை தானாகச் சாவிக்குப் போனது. "சாவியத் தொடாத!" என்று கரையிலிருந்து அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தம்தான் என் இன்ஜினைக் காப்பாற்றியது.

காரணம் இது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 40 மி.லி., உள்ளங்கைக் குழியில் அடங்கும் அளவு. அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மேலே வரும் பிஸ்டன் நீரில் மோதி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள்.

வண்டியைக் கயிறு கட்டி, வந்த வழியே பின்னால் இழுத்தோம். கியர் நியூட்ரலில் இருந்தது. கியரில் வைத்து இழுத்திருந்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றி அதே சேதத்தைச் செய்திருக்கும். ஏர் ஃபில்டர் பாதி வரை நனைந்திருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினோம். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, யாரும் முகத்தை நீட்டாதபடி தள்ளி நிற்கச் சொல்லி, ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். இரண்டாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. அது நின்று வெறும் காற்று வரும் வரை சுற்றி, ஆயில் குச்சியில் எண்ணெய் வெளுக்கவில்லை என்று பார்த்து, ஃபில்டரைக் காயவைத்து, பிளக்குகளைப் போட்டு ஸ்டார்ட் செய்தோம். டீசல் இன்ஜினாக இருந்தால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்ற வேண்டும்; அழுத்தம் அதிகம் என்பதால் சேதமும் அதிகம்.

வண்டி ஓரிடத்தில் நிற்காமல் நீரோட்டம் அதைத் தள்ளத் தொடங்கிவிட்டால் வண்டியை மறந்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வழியே கூரைக்கு ஏறுங்கள்.

அக்கரை ஏறியதும் நீர் வடிய ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நனைந்த பிரேக் முதல் மிதிக்குப் பிடிக்காது. பின்னால் டிரம் இருக்கும் வண்டியில் மணல் உள்ளேயே தங்கி லைனிங்கை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கழுவுவேன். ரேடியேட்டர் இடுக்கில் சேறு காய்ந்துவிட்டால் அடுத்த ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும். கடல் நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கிவிட்டால் அன்றே நல்ல நீரால் சேசிஸின் உட்புறம் வரை கழுவுங்கள்.

இரண்டு டிஃபரென்ஷியல், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ், இந்த நான்கிலும் எண்ணெயை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். நான் மாட்டிய அந்த முறை, மறுநாள் எண்ணெய் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் ஓடிய பிறகு பின் டிஃபரென்ஷியலில் நீரும் எண்ணெயும் கலந்து பால் போல வெளுத்திருந்தது. எண்ணெயை மாற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றினேன். பிரீதர் குழாயை அப்போதுதான் மேலே உயர்த்தினேன். ஆக்ஸில்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளில் கிரீஸ் அடிப்பதும் இதே வேலையோடு. விட்டால் பத்து நாளில் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கும்.